கோல் அடிக்க ஐந்து பேர்

ஒரு காலத்தில் பெங்களூரின் முன்வரிசை வீரர்களுக்காகக் கல்கத்தா கிளப்புகள் போட்டி போட்டன. இன்று இந்திய அணி ஒரு கோலுக்குத் தவிக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

சர்வதேச ஆட்டங்களிலிருந்து கண்ணீரோடு விடைபெற்று ஒன்பது மாதம் ஆகியிருந்தது. வயது 40. ஆனாலும் 2025 மார்ச்சில் சுனில் சேத்ரியை இந்தியக் கால்பந்து அணி திரும்ப அழைத்தது. காரணம் எளிமையானது: கோல் போட ஆள் இல்லை. அழைத்தவர்களை சேத்ரி ஏமாற்றவில்லை. மார்ச் 19 அன்று ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராகத் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். அது அவருடைய 95-வது சர்வதேச கோல். இந்தியா 3-0 என வென்றது. ஆறு நாள் கழித்து அதே ஊரில் பங்களாதேஷுடன் ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டம். அதில் எவரும் கோல் போடவில்லை. ஜூனில் ஹாங்காங்கிடம் 0-1 தோல்வி. அக்டோபரில் சிங்கப்பூருடன் அங்கே 1-1, கோவாவில் 1-2. நான்கு ஆட்டம், இரண்டே கோல். 2027 ஆசியக் கோப்பைக்கான கதவு சாத்தப்பட்டது.

தோல்விக்குப் பிறகு வழக்கமான பஞ்சாயத்துகள் நடந்தன. பயிற்சியாளர் இடையிலேயே மாறியிருந்தார். சம்மேளனத்தைத் திட்டினார்கள். ஆனால் 40 வயதுக்காரரைத் திரும்ப அழைக்க வேண்டி வந்த நிலைமைக்கு ஒரு பயிற்சியாளர் மட்டும் காரணமாக முடியாது. இந்தியாவில் முன்வரிசை என்ற ஒன்று உருவாவது எப்போது நின்றது, ஏன் நின்றது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. விடையின் ஒரு பாதி, 2013 முதல் சேத்ரி ஆடிவரும் பெங்களூரு எஃப்.சி.யின் ஊரிலேயே கிடைக்கிறது.

பெங்களூர் என்றால் இன்று கம்ப்யூட்டர். விளையாட்டு என்றால் கிரிக்கெட். ஆனால் அந்த ஊரின் கன்டோன்மென்ட் பகுதிக்கு இன்னொரு முகம் உண்டு. 1809-ல் பிரிட்டிஷ் படைகள் முகாமிட்டதிலிருந்து அங்கே தமிழ் பேசும் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள். சிப்பாய்கள், சமையல்காரர்கள், கொத்தனார்கள், வண்டிக்காரர்கள், தோட்டக்காரர்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையகம் அல்சூரில் இருந்தது. மாலை நேரத்தில் வெள்ளைக்கார சிப்பாய்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பந்து உதைப்பதை மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்த பையன்கள், அவர்கள் போன பிறகு வெறுங்காலில் உதைக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன், அல்சூரை அடுத்த கௌதம்புரா போன்ற இடங்களில் கால்பந்து வேரூன்றியது. கௌதம்புராவில் பிரேசிலின் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள்.

இந்த மண்ணிலிருந்து கிளம்பிய பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி 1937-ல் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1891-ல் தொடங்கிய அந்தப் போட்டியில் அதுவரை கோப்பையைத் தூக்கியவர்கள் பிரிட்டிஷ் அணிகளே. கோப்பையை வென்ற முதல் இந்திய கிளப் அதுதான். அடுத்த ஆண்டும் அதே அணி வென்றது. 1946-ல் மைசூர் மாநில அணி சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. கால்பந்து என்றாலே வங்காளம் என்றிருந்த நாட்களில் தெற்கிலிருந்து வந்த இந்த வெற்றிகள் கல்கத்தாவின் கண்ணில் படாமல் போகவில்லை.

உலகத்தின் கண்ணில் பட்டது 1948-ல். சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி முதல் முறையாக லண்டன் ஒலிம்பிக்கில் ஆடியது. ஜூலை 31 அன்று எதிராளி பிரான்ஸ். இந்தியர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் அணியவில்லை. பிரான்ஸ் முதலில் கோல் போட்டது. பிற்பாதியில் அதைச் சமன் செய்தவர் பெங்களூர் இளைஞர் சாரங்கபாணி ராமன். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் ஒரு தமிழ்ப் பெயருக்குச் சொந்தம் என்பது தமிழர்களிலேயே பலருக்குத் தெரியாது. கிடைத்த இரண்டு பெனால்டிகளை இந்தியா வீணடித்தது. கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் இரண்டாவது கோல் போட்டு 2-1 என வென்றது. நான்கு ஆண்டு கழித்து ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியா இந்தியாவை 10-1 என நொறுக்கியது. அந்த ஒற்றை கோலைப் போட்டவரும் பெங்களூர்க்காரர்தான்: அகமது கான்.

இந்த அகமது கானைச் சுற்றித்தான் இந்தியக் கிளப் கால்பந்தின் மிகப் புகழ்பெற்ற முன்வரிசையின் கதை அமைந்திருக்கிறது. கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்பைப் பேர் சொல்ல வைத்த நிர்வாகி ஜோதிஷ் குஹா. ஆள் பிடிப்பதில் கில்லாடி. 1940-களில் அவருடைய கிளப் தெற்கே வலை வீசியது. ஆந்திரத்திலிருந்து அப்பா ராவ். கேரளத்தின் கோட்டயத்திலிருந்து சாலே. பெங்களூரில் ஆடி வளர்ந்த தன்ராஜ். இன்னொரு தென்னாட்டுக்காரர் வெங்கடேஷ். 1949-ல் அகமது கானும் வந்து சேர, வரிசை முழுமை அடைந்தது. வலது ஓரத்தில் வெங்கடேஷ், அவருக்கு உள்பக்கம் அப்பா ராவ், நடுவில் தன்ராஜ், இடது உள்பக்கம் அகமது, இடது ஓரத்தில் சாலே. கல்கத்தா ரசிகர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் ‘பஞ்ச பாண்டவர்’.

ஐவரும் ஒரே மொழிக்காரர்களும் அல்ல, ஒரே மதத்தினரும் அல்ல. வங்காளி ஒருவர்கூட இல்லை. பிரிவினையில் வீடு வாசலை இழந்து கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்த லட்சக்கணக்கானவர்கள் நெஞ்சோடு அணைத்துக்கொண்ட கிளப் அது. அவர்களுக்குத் தலைநிமிர்வைக் கொடுத்தவர்கள் தென்னாட்டிலிருந்து வந்த ஐந்து பேர்.

என்ன சாதித்தார்கள்? 1949-ல் ஒரே ஆண்டில் கல்கத்தா லீக், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, ரோவர்ஸ் கோப்பை மூன்றும். 1950-ல் மீண்டும் லீக்கும் ஷீல்டும். 1951-ல் தொடர்ந்து மூன்றாவது முறையாக ஷீல்டு. அதற்கு முன் எந்த இந்திய கிளப்பும் அதைச் செய்ததில்லை. கூடவே முதல் முறையாக டூரண்ட் கோப்பை. 1952-ல் மறுபடியும் லீக், மறுபடியும் டூரண்ட். 1953-ல் ருமேனியாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் அணி பயணம் போனது.

அந்த நாளில் அணி அமைப்பு வேறு மாதிரி இருந்தது. கோல்கீப்பருக்கு முன்னால் இரண்டே தடுப்பாளர்கள், அவர்களுக்கு முன்னால் மூன்று ‘ஹாஃப்’கள், அதற்கும் முன்னால் ஐந்து ஃபார்வர்டுகள். அணியில் பாதிப் பேர் தாக்குதலுக்கு. அப்படியிருந்தும் எல்லா அணிகளும் கோல் மழை பொழிந்துவிடவில்லை. ஐந்து பேரை முன்னால் நிறுத்துவது எந்த அணிக்கும் முடியும். ஐவரும் ஒரே யோசனையில் ஓடுவதுதான் அரிது.

அந்த ஐந்து இடங்களுக்கும் வேலை தனித்தனி. ஓரத்தில் ஆடுபவர் கோட்டை ஒட்டியே ஓடி எதிரணித் தடுப்பாளரை வெளியே இழுக்க வேண்டும். அவர் இழுபட்டால்தான் நடுவில் இடைவெளி பிறக்கும். உள்பக்கம் ஆடுபவர்கள் நெசவாளி மாதிரி. பின்னால் வந்து ஹாஃபிடமிருந்து பந்தை வாங்க வேண்டும். இடைவெளி தெரிந்த கணத்தில் அதற்குள் செலுத்த வேண்டும். எதிரணி தாக்கும்போது முதலில் பின்னால் ஓடி வர வேண்டியவர்களும் அவர்களே. நடுவில் நிற்பவர் முடித்து வைக்க வேண்டும். முடிப்பவரின் பெயர் மறுநாள் பேப்பரில் வரும். மற்ற நால்வரின் ஓட்டம் மைதானத்தில் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும்.

அகமது கான் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. வெறுங்காலில் பந்தைக் காலோடு ஒட்டி வைத்து வளைந்து வளைந்து போவதில் அவருக்கு நிகரில்லை என்று பெயர். பாம்பாட்டி என்றே வர்ணித்தார்கள். அப்படிப்பட்டவரைத் தடுக்க எந்த அணியும் ஒருவரை மட்டும் அனுப்பாது. இரண்டு பேர் போவார்கள். பின்னால் இருப்பதே இரண்டு தடுப்பாளரும் மூன்று ஹாஃபும் என்ற அமைப்பில், ஒருவருக்கு இருவர் காவல் போனால் வேறொருவர் சும்மா நிற்கிறார் என்று அர்த்தம். அகமது சரியான நேரத்தில் பந்தை விட்டுக்கொடுத்தால் சாலேயோ தன்ராஜோ தனியாக இருப்பார். திறமைசாலி தான் இழுத்த கூட்டத்தின் பலனை அடுத்தவருக்குக் கொடுக்கும் இடத்தில்தான் ‘வரிசை’ என்ற சொல்லுக்கே பொருள் வருகிறது.

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டம் முற்றிலும் வேறு. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், கையால் எறிதல். அதிலும் ஐந்து பேர் கொண்ட ஒரு வரிசை உண்டு. ‘ஆஃபென்ஸிவ் லைன்’ என்பார்கள். நடுவில் ஒருவர், அவருக்கு இருபுறமும் இருவர் இருவர். ஆட்டத்தைத் தொடங்க நடுவில் இருப்பவர் பந்தைப் பின்னால் தள்ளிவிடுவார். அதன்பின் அந்த ஐவரும் பந்தைத் தொடுவதே அபூர்வம். எதிரிகள் மோதுவதைத் தங்கள் உடம்பால் தாங்கி, பின்னால் நின்று பந்தை எறியும் நாயகனுக்கு இரண்டு மூன்று வினாடி அவகாசம் வாங்கித் தருவதுதான் அவர்கள் வேலை. அந்த வினாடிகள் கிடைக்காவிட்டால் கோடி டாலர் நாயகனும் மண்ணைக் கவ்வுவார். ஆட்டம் வேறானாலும் கணக்கு ஒன்றே: ஒருவர் ஜொலிக்க மற்றவர்கள் நேரமும் இடமும் சம்பாதித்துத் தர வேண்டும்.

ஒரு முன்வரிசையின் மதிப்பு அது உடைந்த பிறகுதான் முழுதாகத் தெரியும். 1953-க்குப் பிறகு பஞ்ச பாண்டவர் கலைந்தார்கள். அகமது கான் மட்டும் 1950-களின் கடைசி வரை ஈஸ்ட் பெங்காலிலேயே ஆடினார். கிளப் அடியோடு சரிந்துவிடவில்லை. 1956-ல் டூரண்டும் 1958-ல் ஷீல்டும் கிடைத்தன. ஆனால் ஆண்டு முழுக்க ஒரே தரத்தில் ஆடி வெல்ல வேண்டிய கல்கத்தா லீக் 1952-க்குப் பிறகு 1961-ல்தான் திரும்பக் கிடைத்தது. ஒன்பது ஆண்டு. பாம்பாட்டி இருந்தார்; மற்ற நால்வர் இல்லை.

இத்தனைக்கும் அந்த முன்வரிசைக்கும் ஓர் எல்லை இருந்தது. 1925-ல் ‘ஆஃப் சைடு’ விதி தளர்த்தப்பட்டதும் இங்கிலாந்து அணிகள் உஷாராகி மூன்றாவது தடுப்பாளரைப் பின்னால் நிறுத்தின. இந்தியா கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பழைய இரண்டு தடுப்பாளரையே நம்பியிருந்தது. வெறுங்கால் இன்னொரு பிரச்சினை. காய்ந்த தரையில் அது வரம். மழையில் நனைந்த புல்லில் சாபம். ஹெல்சிங்கியில் வாங்கிய பத்து கோல், முன்னால் எவ்வளவு சாமர்த்தியம் இருந்தாலும் பின்னால் ஓட்டை இருந்தால் பயனில்லை என்று உறைக்கச் செய்தது. அதன்பின் பூட்ஸ் கட்டாயமானது. மூன்று தடுப்பாளர் முறையும் வந்தது. ஹைதராபாத் போலீஸை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பை வெல்ல வைத்த பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், இந்திய அணியையும் புதிய முறைக்குப் பழக்கினார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம்.

அந்த ஜகார்த்தா இறுதி ஆட்டமே நல்ல உதாரணம். தென் கொரியாவை 2-1 என வென்ற ஆட்டத்தில் ஒரு கோலை பி.கே. பானர்ஜி போட்டார். மற்றதைப் போட்டவர் ஜர்னைல் சிங். அவர் தடுப்பாளர். தலையில் காயத்தோடு இருந்தவரை ரஹீம் முன்வரிசைக்கு அனுப்பினார். பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்ற மூவரின் சாமர்த்தியத்தோடு ஒரு முரட்டு உடம்பும் சேர்ந்தால் எதிரணித் தடுப்பு கலையும் என்று அவர் கணக்குப் போட்டார். முன்வரிசை என்பது கெட்டிக்காரர்களின் பட்டியல் மட்டும் அல்ல என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தத் தங்க அணியிலும் பெங்களூர் வாசனை உண்டு. மோகன் பகானின் புகழ்பெற்ற விங் ஆட்டக்காரர் அருமைநாயகம் அதில் இடம் பெற்றிருந்தார். அவருக்குப் பின் ‘ஆசியாவின் பெலே’ என்று அழைக்கப்பட்ட பூங்கம் கண்ணன். அவருக்கும் பின் 1970-களில் உலகநாதன். மூவரும் பெங்களூரிலிருந்து கல்கத்தாவுக்குப் போனவர்கள். மூவருக்கும் தமிழ்ப் பெயர். மூவரும் தாக்குதல் ஆட்டக்காரர்கள். ஆடப் போன ஊர் அவர்களைக் கொண்டாடியது. பிறந்து வளர்ந்த மொழிக்காரர்களுக்கு அவர்கள் பெயர் அவ்வளவாக எட்டவில்லை.

இவர்கள் உருவானதற்குப் பயிற்சிப் பள்ளி எதுவும் காரணமில்லை. குறுகிய இடத்தில் நெரிசலில் ஆடியதால் பந்தைக் காலில் வைத்துக்கொள்ளும் வித்தை வந்தது. பேட்டைக்குப் பேட்டை அணி இருந்ததால் போட்டி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பிழைப்புக்கு வழி இருந்தது. ஐ.டி.ஐ., எச்.ஏ.எல்., சி.ஐ.எல்., எல்.ஆர்.டி.இ. என்று பெங்களூரின் பொதுத்துறை நிறுவனங்களும் பாதுகாப்புத் துறை அலுவலகங்களும் அணி வைத்திருந்தன. நன்றாக ஆடினால் வேலை உண்டு, பென்ஷன் உண்டு. பையன் படிக்காமல் பந்து உதைக்கிறானே என்று கவலைப்பட்ட அப்பாவுக்கு அது ஆறுதலான பதில். சகாக்களும் வருடக்கணக்கில் மாற மாட்டார்கள். காலையில் சேர்ந்து பயிற்சி, பகலில் ஒரே ஆபீஸ், மாலையில் ஒரே மைதானம். அடுத்தவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்பது பார்க்காமலே தெரியும். முன்வரிசை இப்படித்தான் விளைகிறது.

அந்த ஏற்பாடு மெல்லக் கரைந்தது. பொதுத்துறை நிறுவனங்கள் ஆட்குறைப்பில் இறங்கியபோது விளையாட்டு வீரர்களுக்கான இடங்கள் முதலில் அடிபட்டன. தேசிய லீக் வரை வந்த எச்.ஏ.எல். அணி 2011-12 ஐ-லீக்கோடு அந்த மட்டத்திலிருந்து இறங்கியது. காலி மனைகளின் விலை ஏற ஏற, பந்து உதைக்க இடமும் குறைந்தது. 1946, 1952, 1967, 1968 என்று நான்கு முறை சந்தோஷ் கோப்பையை வென்ற மாநிலம் அடுத்த வெற்றிக்கு 54 ஆண்டு காத்திருந்தது. 2023 மார்ச் 4 அன்று சவூதி அரேபியாவின் ரியாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் கர்நாடகம் மேகாலயத்தை 3-2 என வென்றபோது, 1968 வெற்றியை நினைவில் வைத்திருந்தவர்களுக்குத் தலை நரைத்துப் போயிருந்தது.

இடையில் பணம் வந்தது. 2013-ல் பெங்களூரு எஃப்.சி. பிறந்தது. முதல் ஆண்டிலேயே ஐ-லீக் பட்டம். முன்னால் சேத்ரி, உயரமான ராபின் சிங், ஆஸ்திரேலியர் ஷான் ரூனி. சேத்ரி மட்டும் 14 கோல். 2016-ல் ஏ.எஃப்.சி. கோப்பை அரையிறுதியில் நடப்புச் சாம்பியனான மலேசியாவின் ஜொகூர் அணியைக் கண்டீரவா ஸ்டேடியத்தில் 3-1 என வீழ்த்தி, அந்தப் போட்டியின் இறுதிக்குப் போன முதல் இந்திய கிளப் ஆனது. இறுதியில் ஈராக் விமானப் படை கிளப்பிடம் 0-1 எனத் தோற்றது.

2017-18-ல் ஐ.எஸ்.எல். போட்டிக்கு மாறியபோது வெனிசுலாவின் மிகுவும் சேத்ரியும் ஜோடி சேர்ந்தார்கள். மிகு 15, சேத்ரி 14. இரண்டு பேர், 29 கோல். லீக் பட்டியலில் பெங்களூரு முதலிடம். ஆனால் 2018 மார்ச் 17 அன்று சொந்த ஊரில் நடந்த இறுதி ஆட்டத்தில் சென்னையின் எஃப்.சி. 3-2 என வென்றது. சேத்ரியும் கோல் போட்டார், மிகுவும் போட்டார். போதவில்லை. சென்னையின் மூன்று கோல்களில் இரண்டை முட்டிப் போட்டவர் மைல்சன் ஆல்வெஸ் என்ற தடுப்பாளர். சரியாக ஓர் ஆண்டு கழித்து, 2019 மார்ச் 17 அன்று மும்பையில் பெங்களூரு கோவாவை 1-0 என வென்று சாம்பியன் ஆனது. கூடுதல் நேரத்தில் வந்த அந்த ஒரே கோலும் ஒரு தடுப்பாளருடையது: ராகுல் பேகே.

ஃபார்வர்டுகளால் கோப்பை வருவதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. தொடர்ந்து தாக்கும் முன்வரிசை இருந்தால்தான் எதிரணி பின்வாங்கும். கார்னர் வாய்ப்புகள் பிறக்கும். தடுப்பாளர் முன்னேறி வந்து முட்டவும் முடியும். அடுக்களையில் நாலு பேர் நாள் முழுக்க வெந்தால்தான் ஐந்தாமவர் பரிமாற முடியும். ஆனால் ஒரே இரவில் முடிவாகும் இறுதி ஆட்டத்தில் பின்வரிசையின் ஒரு தவறு முன்வரிசையின் ஐந்து மாத உழைப்பை அழித்துவிடும் என்பதும் உண்மை. லீக்கில் முதலிடம் பெறுவதற்கும் இறுதி ஆட்டத்தில் வெல்வதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் அது.

இன்றைய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஐ.எஸ்.எல். 2014-ல் தொடங்கியபோது களத்தில் இறங்கும் 11 பேரில் ஆறு பேர் வரை வெளிநாட்டவராக இருக்கலாம் என்றது விதி. 2017-18-ல் அது ஐந்தானது; 2021-22-ல் நான்கானது. பணம் போட்டவர்கள் உடனடிப் பலனை எதிர்பார்த்தார்கள். கோல்தான் உடனடிப் பலன். ஆகவே வெளிநாட்டவருக்கான இடங்கள் பெரும்பாலும் முன்னாலும் நடுவிலுமாகப் போயின. இந்திய ஃபார்வர்டை ஓரத்துக்குத் தள்ளினார்கள் அல்லது பெஞ்சில் உட்கார வைத்தார்கள். 2014 முதல் 2024-25 வரை 11 பருவங்கள் நடந்திருக்கின்றன. அதிக கோல் போட்டவருக்கான பரிசை ஒருமுறைகூட ஓர் இந்தியர் வாங்கவில்லை. கடைசியாகச் சொன்ன பருவத்தில் இந்தியர்களில் அதிக கோல் போட்டவர் 14 கோலோடு சேத்ரி. இருபது வயது இளைஞர்களுக்கு வழிவிட வேண்டிய வயதில் அவர் அவர்களை முந்திக்கொண்டிருந்தார். அது அவருக்குப் பெருமை; நாட்டுக்கு அல்ல.

கிளப்புகளின் பக்கமும் நியாயம் உண்டு. நல்ல வெளிநாட்டு வீரர்களோடு ஆடியதால் இந்திய ஆட்டக்காரர்களின் உடல் தகுதியும் வேகமும் கூடியிருக்கின்றன. ஈஸ்ட் பெங்கால் செய்ததும் ஒரு வகையில் இதுதானே, வெளியூர்க்காரர்களைக் கொண்டு வரிசை அமைத்ததுதானே என்றும் கேட்கலாம். ஆனால் அந்த ஐவரும் இந்தியாவுக்கும் ஆடினார்கள். ஐந்து பருவம் சேர்ந்தே இருந்தார்கள். கல்கத்தாவில் அவர்கள் கற்றது ஹெல்சிங்கிக்கும் டெல்லிக்கும் பயன்பட்டது. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றது அந்தக் காலகட்டத்தில்தான். இன்று ஒரு பருவத்துக்கோ இரண்டு பருவத்துக்கோ வந்து போகும் ஃபார்வர்ட் தன் கோல்களைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். தேசிய முகாமுக்கு வரும் இந்தியர், கிளப்பில் ஓரத்தில் ஆடிவிட்டு நாட்டுக்காக நடுவில் நிற்கச் சொன்னால் திணறுகிறார்.

இதற்குச் செய்ய வேண்டியது பெரிய மர்மம் அல்ல. இந்திய ஃபார்வர்டுகள் நடு இடத்தில் வாரா வாரம் ஆட வேண்டும். அது முதல் தர லீக்கில் முடியாதென்றால் இரண்டாம் லீக்கிலும் மாநில லீக்குகளிலுமாவது நடக்க வேண்டும். அந்த லீக்குகள் ஆண்டுக்குச் சில வாரங்களோடு முடிந்துவிடக் கூடாது. பதின்மூன்று பதினான்கு வயதில் பந்தை விடாமல் வைத்து ஆடும் பையனை ‘சீக்கிரம் பாஸ் பண்ணு’ என்று அதட்டி அடக்காமல், எப்போது வைத்திருப்பது, எப்போது விடுவது என்று சொல்லித்தர ஆள் வேண்டும். சேர்ந்து வளர்ந்த மூன்று நான்கு பேரைச் சேர்த்தே மேலே கொண்டுபோக வேண்டும். அதற்கும் முன்னால் மைதானம் வேண்டும். பேட்டை மைதானத்தை கார் நிறுத்தும் இடமாக்கிவிட்டு அகாடமி கட்டுவது, கிணற்றை மூடிவிட்டு தண்ணீர்த் தொட்டி வாங்குவது போல.

அகமது கான் 2017 ஆகஸ்டில், 90 வயதில் காலமானார். ஐந்து பேராக ஆடிய ஆட்டத்தின் நாயகன் அவர். இந்தியாவின் அடுத்த முன்வரிசை எங்கிருந்து வரும் என்று சம்மேளனம் தேடுகிறது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரைக் கொண்டுவரலாமா என்ற யோசனையும் ஓடுகிறது. தேடட்டும். ஆனால் கௌதம்புராவில், ஆஸ்டின் டவுனில், சென்னையின் வியாசர்பாடியில் இன்றும் மாலையானால் பையன்கள் பந்து உதைக்கிறார்கள். அவர்களில் ஐந்து பேரைச் சேர்த்து ஐந்து ஆண்டு ஒன்றாக ஆடவிட எவருக்குப் பொறுமை இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.